மொட்டை மாடித் தொலைநோக்கியைப் பைத்தான் நிரலால் இயக்கும்போது படம் ஏன் தவறுகிறது?

திருப்பரங்குன்றத்தில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில், 750 மில்லிமீட்டர் குவியத் தொலைவு கொண்ட எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்றை மோட்டாரால் தானே திரும்பும் ஈக்வடோரியல் மவுண்டின் (புவியின் அச்சுக்கு இணையான அச்சில் சுழலும் தாங்கியின்) மீது பொருத்தியிருப்பதாகவும், ஸ்டெல்லேரியம் என்னும் வான்வரைபட மென்பொருளில் விண்மீனைச் சுட்டித் திருப்பிப் பழகியபின் இப்போது பைத்தானில் நிரல் எழுதி இரவு முழுவதும் தானாகவே படமெடுக்க வைக்க முயல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்விகள் இரண்டு. தொலைநோக்கி, கேமரா போன்ற கருவிகளோடு நிரல்கள் பேசுவதற்கான இண்டி, ஆஸ்காம் ஆகிய இரண்டு முறைகளில் எதன் நூலகத்தைக் கொண்டு எழுதுவது என்பது முதலாவது. ஓரியன் நெபுலாவுக்குத் திரும்பும்படி ஆணையிட்டு, 30 வினாடி காத்திருந்து, பிறகு படமெடுக்கும் உங்கள் நிரல் சில சமயம் விண்மீன்களைக் கோடுகளாகவும், மற்ற சமயங்களில் நெபுலாவே இல்லாத வெற்று வானத்தையும் ஏன் தருகிறது என்பது இரண்டாவது.

இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்துவிட்டால் எந்த நூலகம் என்பது பெரிய கேள்வியாக இருக்காது. உங்கள் நிரலில் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன. கோடு விழுவதற்குக் காரணம் வேறு, நெபுலா காணாமல் போவதற்குக் காரணம் வேறு. ஆனால் இரண்டும் ஒரே பழக்கத்திலிருந்து பிறந்தவை: ஆணையை அனுப்பிவிட்டு, அது நடந்துவிட்டது என்று நிரல் தானாகவே முடிவு செய்துகொள்கிறது. தொலைநோக்கி நிரலில் அந்த முடிவை எடுக்கும் உரிமை நிரலுக்கு இல்லை. மவுண்டிடம் கேட்க வேண்டும், மவுண்டு சொன்னதையும் வானத்திடம் சரிபார்க்க வேண்டும்.

முதலில் கோடுகளைப் பார்ப்போம். இந்த வகை மவுண்டுகள் பலவும் முழு வேகத்தில் விண்மீன்களின் நாள்சுழற்சி வேகத்தைப்போல் 800 மடங்கு வேகத்தில் திரும்பும். கணக்கிட்டால் வினாடிக்கு 3.3 பாகை வரும். 90 பாகை திரும்புவதற்கு 27 வினாடி. புறப்படும்போது வேகமெடுக்கவும், சேரும் இடத்தில் வேகம் குறைத்துப் பற்சக்கரத் தளர்வைச் சரிசெய்துகொள்ளவும் இன்னும் சில வினாடிகள். ஆகவே கிழக்கு வானத்தில் ஓரியன் நிற்கும்வரை உங்கள் 30 வினாடி பெரும்பாலும் போதுமானதாக இருந்திருக்கும். வடக்கிலிருந்து உச்சி வழியே தெற்குக்குச் செல்லும் கோடான உச்சிவட்டத்தை அது கடந்தபிறகு நிலைமை மாறுகிறது. ஜெர்மன் வகை மவுண்டு உச்சிவட்டத்துக்கு அப்பால் உள்ள பொருளைப் பிடிக்கத் தன் குழாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் புரட்டிப் போட வேண்டும். அப்போது ஓர் அச்சு 180 பாகை வரைகூடத் திரும்ப நேரிடும். அதற்கு 54 வினாடிக்கும் மேல் ஆகும். உங்கள் நிரலோ 30-ஆம் வினாடியில் கேமராவைத் திறந்துவிடுகிறது. கோடு விழுந்த படங்களின் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். அவை பெரும்பாலும் ஓரியன் மேற்கே சாய்ந்தபிறகு எடுத்தவையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைத் தீர்க்க 30-ஐ 90 ஆக்கினால் போதாதா என்று தோன்றும். அன்றைக்கு அது போதும். குளிர்ந்த இரவில் மின்கலத்தின் அழுத்தம் குறைந்து மோட்டார் திணறும் நாளில், அல்லது கம்பி சிக்கி மவுண்டு பாதியில் நின்றுவிட்ட நாளில், 90 வினாடியும் பொய் சொல்லும். சரியான வழியை இண்டி நெறிமுறை தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. அதில் ஒரு கருவியைப் பற்றிய எல்லாமே பண்புகளாகத்தான் தெரியும்: இணைப்பு ஒரு பண்பு, ஆயங்கள் (வானத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள்) ஒரு பண்பு, படமெடுக்கும் நேரம் ஒரு பண்பு. ஒவ்வொரு பண்புக்கும் எந்த நேரத்திலும் நான்கு நிலைகளில் ஒன்று இருக்கும்: ஐடில், ஓகே, பிஸி, அலர்ட். புதிய ஆயங்களை அனுப்பினால் அந்தப் பண்பு பிஸி ஆகிறது. திரும்பிக்கொண்டிருக்கும் வரை அதே நிலையில் ஆயங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. சேர்ந்ததும் ஓகே ஆகிறது. முடியாமற் போனால் அலர்ட். உங்கள் நிரல் செய்ய வேண்டியது இந்த மாற்றத்துக்குக் காத்திருப்பது மட்டுமே. வினாடிகளை எண்ணுவது அதன் வேலை அல்ல.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் இடறி விழும் இடம் என்பதால் விரித்துச் சொல்கிறேன். ஆணையை அனுப்பிய அடுத்த கணமே பண்பின் நிலையைப் படித்தால், முந்தைய பயணத்தின் ஓகே இன்னும் அங்கேயே இருக்கக்கூடும், ஏனெனில் உங்கள் ஆணை வலைப்பின்னல் வழியே சர்வருக்குப் போய், அங்கிருந்து கருவியை இயக்கும் நிரலான டிரைவருக்குப் போய், டிரைவர் பிஸி என்று அறிவித்து, அந்த அறிவிப்பு திரும்பி வருவதற்குச் சிறிது நேரம் ஆகிறது. பழைய ஓகேயைப் புதிய ஓகேயாக எடுத்துக்கொள்ளும் நிரல், திரும்பத் தொடங்கும் முன்பே படமெடுக்கத் தொடங்கிவிடும். எனவே முதலில் பிஸி வந்ததைக் காண வேண்டும், அதன்பின் வரும் ஓகேயைத்தான் நம்ப வேண்டும். பிஸி சில வினாடிகளுக்குள் வரவில்லை என்றால், ஆணை போய்ச் சேரவில்லை அல்லது மவுண்டு ஏற்கனவே அந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டையும் ஆயங்களை ஒப்பிட்டுப் பிரித்தறியலாம். ஓகே வந்தபிறகும் மூன்று நான்கு வினாடி பொறுப்பது நல்லது. மொட்டை மாடித் தளத்தில் வைத்த முக்காலியின் அதிர்வு அடங்க அவ்வளவு நேரம் வேண்டும். ஆஸ்காம் தரப்பில் இதே வேலையை, ஆணையிட்டதும் உடனே திரும்பிவிடும் அசிங்க் வகை ஆணையைக் கொண்டு செய்வார்கள்; ஆணை திரும்பி வரும்போதே ஸ்லூயிங் என்னும் பண்பு ஆம் என்று இருந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. ஆகவே மேற்சொன்ன குழப்பம் ஒழுங்காக எழுதிய ஆஸ்காம் டிரைவரில் எழாது. அந்த விதி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

அடுத்தது காணாமல் போன நெபுலா. ஓரியன் நெபுலாவின் ஆயங்களை ஏதாவது ஓர் அட்டவணையிலிருந்து எடுத்திருப்பீர்கள்: ஆர்ஏ எனப்படும் வல ஏற்றம் 5 மணி 35 நிமிடம் 17 வினாடி, டெக் எனப்படும் நடுவரை விலக்கம் தெற்கே 5 பாகை 23 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). இவை ஜே2000 ஆயங்கள், அதாவது 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புவியின் அச்சு நோக்கியிருந்த திசையை அடிப்படையாகக் கொண்டவை. புவியின் அச்சு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை வீதம் திசை மாறுகிறது. நம் ஊரில் பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அயனாம்சம் என்று அவர்கள் கழிக்கும் ஏறத்தாழ 24 பாகை இதே நகர்வு நூற்றாண்டுகளாகச் சேர்ந்து நிற்பதுதான். ஓரியன் பகுதியில் இந்த நகர்வால் ஆர்ஏ ஆண்டுக்கு ஏறத்தாழ 3 வினாடி கூடுகிறது. 25 ஆண்டுகளில் அது 75 வினாடி. கோணமாகச் சொன்னால் 19 கலை, முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. உங்கள் கேமரா 7 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு உணரி கொண்டது என்றால், 750 மில்லிமீட்டர் குவியத் தொலைவில் அதன் சட்டகம் 32 கலை அகலம். நடுவிலிருந்து விளிம்புக்கு 16 கலைதான். 19 கலை பிசகினால் நெபுலாவின் நடுப்பகுதி சட்டகத்துக்கு வெளியே நிற்கும். நீங்கள் சொல்லும் வெற்று வானத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

இண்டியில் தொலைநோக்கியின் ஆயங்களுக்கான வழக்கமான பண்பின் பெயரிலேயே ஈஓடி என்னும் மூன்றெழுத்து இருக்கிறது. அன்றைய நாளுக்குரிய ஆயங்கள் என்பது அதன் பொருள். அதற்கு ஜே2000 எண்களை அனுப்பினால் டிரைவர் மறுக்காது. அதற்குத் தெரிய வழியில்லை. அனுப்பும் முன் மாற்றித் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. ஆஸ்ட்ரோபை என்னும் பைத்தான் வானியல் நூலகத்தில் ஸ்கைகோஆர்ட் என்னும் பொருளை உருவாக்கி, அதை அன்றைய நேரத்தின் டீஈடீஈ என்னும் ஆய முறைக்கு மாற்றினால் போதும், ஒரே வரி. ஆஸ்காம் மவுண்டுகளில் ஈக்வடோரியல்சிஸ்டம் என்னும் பண்பைக் கேட்டால் மவுண்டு எந்த முறையை எதிர்பார்க்கிறது என்று அதுவே சொல்லும்: 1 என்றால் அன்றைய ஆயங்கள், 2 என்றால் ஜே2000. கேட்காமல் அனுப்புவதற்கு அங்கே சாக்கு இல்லை. ஸ்டெல்லேரியத்தில் உங்களுக்கு இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், அதன் தொலைநோக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பில் இந்தத் தேர்வை ஒருமுறை செய்துவிட்டால் மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது.

அலகுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இண்டி ஆர்ஏயை மணிகளில் எதிர்பார்க்கிறது. ஆஸ்ட்ரோபை கேட்காமல் விட்டால் பாகைகளில் தருகிறது. 5.6-க்குப் பதில் 84 என்று போனால் டிரைவர் மறுத்தால் நல்லது, மறுக்காவிட்டால் எங்கோ திரும்பும். டெக் எண்ணை நீங்களே பாகை, கலை, விகலை என்று பிரித்து எழுதினால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஓரியனின் இடைவாரில் மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும் அல்லவா, அவற்றில் வடமேற்கு ஓரத்து மிண்டாக்காவின் டெக், கழித்தல் 0 பாகை 18 கலை. கழித்தல் 0 என்பதை முழு எண்ணாக மாற்றினால் வெறும் 0 ஆகிவிடும், கழித்தல் குறி மறைந்துவிடும், தெற்கே 18 கலை என்பது வடக்கே 18 கலை ஆகிவிடும். 36 கலை பிழை. இந்தப் பிழை வானநடுக்கோட்டை ஒட்டிய ஒரு பாகைப் பட்டையில் மட்டுமே தோன்றும், மற்ற எல்லாப் பொருளுக்கும் நிரல் சரியாக இயங்கும் என்பதால் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். நிரலைச் சோதிக்கும்போது மிண்டாக்காவைக் கட்டாயம் ஒரு சோதனைப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மதுரைக்கே உரிய சில செய்திகள். மென்பொருளுக்கு உங்கள் இடத்தையும் நேரத்தையும் சொல்லியாக வேண்டும். மதுரை வடக்கே 9.92 பாகை, கிழக்கே 78.12 பாகை, கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் நம் வேலைக்குப் போதும். இந்திய நேரம் உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது. அந்த அரை மணிதான் தொல்லை தருவது. முழு மணிகளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதிய மென்பொருளில் 5 அல்லது 6 என்று இட்டுவிட்டால் வானம் ஏழரை பாகை தள்ளிப்போகும். எல்எக்ஸ்200 என்னும் பழைய சீரியல் நெறிமுறை, பல மவுண்டுகள் இன்றும் பேசும் மொழி, உள்ளூர் நேரத்தோடு எவ்வளவு கூட்டினால் உலக நேரம் வரும் என்று கேட்கிறது. எனவே நமக்கு அது கழித்தல் 5.5. தீர்க்கரேகையிலும் அது மேற்கைக் கூட்டல் என்று கொள்கிறது. இண்டியோ கிழக்கை நோக்கி 0 முதல் 360 வரை எண்ணுகிறது. டிரைவர் இவற்றையெல்லாம் மாற்றிக்கொள்ளும், ஆனால் நீங்களே சீரியல் வழியே நேரடியாகப் பேச முயன்றால் இந்த மூன்று குறிகளும் உங்களைச் சுற்றவிடும். பைத்தானிலும் இதற்கு ஒரு கண்ணி உண்டு: கணினியின் உள்ளூர் நேரத்தை நேர மண்டலம் குறிக்காமல் எடுத்து ஆஸ்ட்ரோபையிடம் கொடுத்தால், அதை உலக நேரம் என்றே அது எடுத்துக்கொள்ளும். ஐந்தரை மணிப் பிழை என்பது வானத்தில் 82.5 பாகை, கிழக்கே உதிக்கும் பொருளைத் தேடி மவுண்டு ஏறத்தாழ உச்சிக்கே போய்விடும்.

இதை அனுபவித்தே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்துக்கு அருகே, ஒரு ராஸ்பெரி பை கணினியைக் கொண்டு மவுண்டை இயக்கிக்கொண்டிருந்தோம். நடுவில் மின்கலக் கம்பி கழன்று எல்லாம் அணைந்தது. மீண்டும் மாட்டி, இடைவெளியில் ஒரு தேநீரும் குடித்துவிட்டுத் தொடங்கியபோது, எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இல்லை. ஏறக்குறைய 10 பாகை விலகி நின்றது. முக்காலி நகர்ந்துவிட்டதென்று நினைத்து ஒரு மணி நேரம் திருகுகளோடு போராடினோம். உண்மையில் அந்தச் சிறு கணினியில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்துதான் அது நேரத்தை அறியும். அங்கே இணையம் இல்லாததால் அணைந்தபோது பதிந்து வைத்திருந்த பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கியிருந்தது. 40 நிமிடம் பின்தங்கியிருந்தால் 10 பாகை, கணக்கு மிகச் சரியாக வந்தது. மறுவாரமே டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். உங்கள் நிரலின் முதல் வேலையாக, கணினியின் நேரத்தைத் திரையில் பெரிதாக எழுதிக் காட்டி, நீங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு ஒப்புதல் தரும்வரை மவுண்டோடு இணையாமல் இருக்கும்படி செய்யுங்கள்.

மதுரையின் தாழ்ந்த அட்சரேகை இன்னொரு சிக்கலைத் தருகிறது. துருவ விண்மீன் நமக்கு அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. நகருக்குள் அது பெரும்பாலும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ, தூசியிலோ மறைந்துவிடும். அந்த உயரத்தில் காற்று மண்டலம் ஒளியை வளைத்து அதை 5 கலை அளவு உயர்த்தியும் காட்டும். ஆகவே துருவ அச்சைச் சரிசெய்ய, துருவத்தைப் பார்க்காமலே வேலை முடிக்கும் மென்பொருள் வழியை நாடுவது நமக்கு நல்லது. கேஸ்டார்ஸ் மென்பொருளின் ஈகாஸ் பகுதி, வானத்தில் வேறொரு திசையில் மவுண்டை ஆர்ஏ அச்சில் சுழற்றி மூன்று படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து அச்சின் பிசகைக் கணக்கிட்டுக் காட்டும். மேலும், அச்சு கிட்டத்தட்டக் கிடையாகக் கிடப்பதால் எதிரெடைத் தண்டு முக்காலியின் வடக்குக் காலை இடிக்க வாய்ப்பு அதிகம். திருவோணம் எனப்படும் ஆல்டேர் மதுரையில் உச்சியிலிருந்து ஒரு பாகை மட்டுமே விலகிக் கடக்கிறது, திருவாதிரை இரண்டரை பாகை. இவற்றை நோக்கும்போது குழாயின் கீழ்முனை முக்காலியை உரசும். இந்த எல்லைகளை, மோட்டார் இல்லாமல் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்து அளந்து, நிரலில் எண்களாக எழுதி வையுங்கள். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்த எச்சரிக்கை இராது, ஏனெனில் 50 பாகை அட்சரேகையில் அந்தத் தண்டு முக்காலியை விட்டு விலகியே நிற்கும்.

இனி, மவுண்டு சேர்ந்துவிட்டேன் என்று சொன்னதை வானத்திடம் சரிபார்ப்பது. மவுண்டுக்குத் தெரிவதெல்லாம் தன் மோட்டார் எத்தனை படி திரும்பியது என்பது மட்டுமே. குழாய் வளைந்திருந்தாலோ, கவ்வி வழுக்கியிருந்தாலோ அதற்குத் தெரியாது. எனவே ஓகே வந்ததும் ஒரு சிறு படம் எடுத்து, அதிலுள்ள விண்மீன்களின் அமைப்பைக் கொண்டு அது வானத்தின் எந்தப் பகுதி என்று கண்டறிய வேண்டும். ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்னும் மென்பொருள் நான்கு நான்கு விண்மீன்களாக எடுத்து, அவற்றின் வடிவத்தைத் தன் அட்டவணையோடு ஒப்பிட்டு இதைச் செய்கிறது. இணையம் இல்லாமலும் உங்கள் கணினியிலேயே இயங்கும். உங்கள் சட்டகத்தின் அளவுக்கேற்ற அட்டவணைக் கோப்புகளை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும். மவுண்டு சொல்லும் ஆயங்களைத் தோராயக் குறிப்பாகக் கொடுத்தால் விடை விரைவாக வரும். விடை வந்ததும் அதை மவுண்டுக்கு ஒத்திசைவாக, அதாவது சிங்க் ஆணையாக அனுப்பி, மீண்டும் அதே இலக்குக்குத் திருப்பி, மீண்டும் படமெடுத்து, பிசகு ஒரு கலைக்குள் வரும்வரை தொடர வேண்டும். நான்கு முறைக்குள் வராவிட்டால் நிரல் நின்றுவிட வேண்டும், ஏனெனில் அப்போது பழுது வேறெங்கோ இருக்கிறது.

இந்த மென்பொருள் தரும் விடையும் ஜே2000-தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒத்திசைக்கும் முன் அதையும் அன்றைய ஆயங்களுக்கு மாற்றியாக வேண்டும். போகும்போதும் மாற்றாமல், ஒத்திசைக்கும்போதும் மாற்றாமல் இருந்தால் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நிரல் சரியாக இயங்குவதுபோலவே தெரியும். பிறகு ஒருநாள் ஸ்டெல்லேரியத்திலிருந்து அதே மவுண்டைத் திருப்பும்போதுதான் 20 கலை இடிக்கும். அப்போது பழி ஸ்டெல்லேரியத்தின் மேல் விழும்.

எந்த நூலகம் என்ற முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஆஸ்காம், 1998 வாக்கில் பாப் டென்னியால் விண்டோஸுக்காகத் தொடங்கப்பட்டது. மவுண்டு, கேமரா உற்பத்தியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்கு டிரைவர் தருகிறார்கள். அதன் புதிய வடிவமான அல்பாக்கா, ஆணைகளை எச்டிடிபி வழியே வாங்கி விடைகளை ஜேசான் வடிவில் தருவதால் எந்த இயங்குதளத்திலிருந்தும் பேசலாம். பைத்தானுக்கு அல்பைக்கா என்னும் நூலகம் இருக்கிறது. இண்டியை எல்வுட் டவ்னி வடிவமைத்தார், ஜாசிம் முத்லக் தலைமையில் அது வளர்ந்திருக்கிறது. டவ்னியின் எக்ஸ்எஃபெம் நிரலின் கணக்கீட்டுப் பகுதிதான் பைத்தான் எழுதுவோர் பலரும் கோள்நிலை கணிக்கப் பயன்படுத்திய பைஎஃபெம் நூலகத்தின் அடித்தளம் என்பது பலருக்குத் தெரியாது. இண்டியில் ஒரு சர்வர் 7624 என்னும் டிசிபி வாயிலில் காத்திருக்கும். கருவிகளின் டிரைவர்கள் அதன் கீழ் இயங்கும். உங்கள் நிரல் ஒரு கிளையன்டாக அந்த வாயிலில் சேர்ந்து எக்ஸ்எம்எல் வடிவில் பேசும். ஒரே நேரத்தில் கேஸ்டார்ஸும் உங்கள் நிரலும் அதே சர்வரோடு இணையலாம், ஒன்று செய்வதை மற்றொன்று பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உங்கள் நிலைமைக்கு நான் இண்டியையே சொல்வேன். மவுண்டுக்கு அருகிலேயே ஒரு சிறு லினக்ஸ் கணினியை வைத்துச் சர்வரையும் உங்கள் நிரலையும் அதிலேயே ஓடவிட்டு, வீட்டுக்குள்ளிருந்து வைஃபை வழியே கவனிப்பதுதான் மொட்டை மாடிக்கு ஏற்ற முறை. வைஃபை அறுந்தாலும் வேலை நிற்காது. லடாக்கின் ஹான்லேயில் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியை, பெங்களூருக்கு அருகே ஹோஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியே இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் இயக்குகிறார்கள். இணைப்பு அறுந்தாலும் கருவி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற தேவை அவ்வளவு பெரிய கருவிக்கும் உங்கள் மாடிக் கருவிக்கும் ஒன்றேதான். ஒருவேளை உங்கள் கேமராவுக்கு விண்டோஸ் டிரைவர் மட்டுமே கிடைக்கிறது என்றால் தயங்காமல் அல்பாக்காவுக்குப் போங்கள். மேலே சொன்ன எல்லாமே அங்கும் பொருந்தும்.

இண்டியின் பைத்தான் கிளையன்டில் மூன்று இடங்களில் நீங்கள் தடுக்கி விழக்கூடும். இண்டி 2.0-இல் அறிவிப்புகளை வாங்கும் செயற்கூறுகள் மாறிவிட்டன. முன்பு எண்ணுக்கு ஒன்று, சொடுக்கிக்கு ஒன்று என்று தனித்தனியே இருந்தவை இப்போது பண்பு புதுப்பிக்கப்பட்டது என்னும் ஒரே செயற்கூறின் வழியே வருகின்றன. பழைய எடுத்துக்காட்டுகளை நகலெடுத்தால் பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே நிரல் மௌனமாக உட்கார்ந்திருக்கும். இரண்டாவதாக, படம் என்பது பிளாப் (பெரிய தரவுத்தொகுதி) வகைப் பண்பு. அதைப் பெற விரும்புவதாகத் தனியே தெரிவிக்காவிட்டால் சர்வர் அனுப்பாது. கேமரா படமெடுத்து முடித்தும் கோப்பு வரவில்லை என்று பலர் திகைப்பது இதனால்தான். மூன்றாவது, யூஎஸ்பி சீரியல் கம்பிகளின் பெயர். மவுண்டும், குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகசரும் ஒரே வகைச் சில்லைக் கொண்டிருந்தால், கணினியை அணைத்துத் திறக்கும்போது அவற்றின் எண்கள் இடம் மாறிக்கொள்ளும். வாயிலின் இருப்பிடத்தைக் கொண்டு பெயரிடும் பாதையைப் பயன்படுத்துங்கள், உங்கள் பயனர் கணக்கையும் டயல்அவுட் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டே செய்திகள், ஆனால் இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். நிரலில் முதலில் எழுத வேண்டிய செயற்கூறு, இயக்கத்தை நிறுத்தும் அபார்ட் ஆணை. விசைப்பலகையில் எந்த நேரத்திலும் ஒரே விசையில் அது வேலை செய்ய வேண்டும். நிரலோ கிளையன்டோ செத்துவிட்டால் மவுண்டைப் பார்க் எனப்படும் ஓய்வு நிலைக்கு அனுப்பும் வாட்ச்டாக் டிரைவர் இண்டியிலேயே இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். அடுத்தது சூரியன். ஒவ்வொரு இலக்குக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணத்தை ஆஸ்ட்ரோபை கொண்டு கணக்கிட்டு, சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும்போது எந்த ஆணையையும் மறுக்கும்படி எழுதுங்கள். இலக்கு பாதுகாப்பாக இருந்தாலும் போகும் பாதை சூரியனைக் கடக்கலாம். பாதையை மவுண்டுதான் தேர்ந்தெடுக்கிறது. சூரிய வடிப்பான் இல்லாத குழாய் ஒரு கணம் சூரியனைக் கடந்தாலும் கேமராவுக்கு ஆபத்து, யாராவது கண்ணை வைத்திருந்தால் பார்வையே போய்விடும். பகலில் மவுண்டைச் சோதிக்கும்போது குழாயைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நீங்கள் இப்போது எழுதியிருக்கும் நிரலைத் தூக்கியெறிய வேண்டாம். இண்டியோடு தொலைநோக்கிப் பாவனை டிரைவரும் கேமராப் பாவனை டிரைவரும் வருகின்றன. உண்மைக் கருவி எதுவும் இல்லாமலே, சர்வரை இந்த இரண்டோடு தொடங்கினால், பாவனை மவுண்டு மெதுவாகத் திரும்பும், பிஸி காட்டும், ஓகே காட்டும். பாவனைக் கேமரா, விண்மீன் அட்டவணை நிறுவியிருந்தால், அந்தத் திசையின் விண்மீன்களை வரைந்தே தரும். முதலில் அங்கே 30 வினாடிக் காத்திருப்பை எடுத்துவிட்டு பிஸிக்கும் ஓகேக்கும் காத்திருக்கும் வகையில் மாற்றுங்கள். பிறகு ஆயமாற்றத்தைச் சேருங்கள். மிண்டாக்கா, ஓரியன் நெபுலா, அகத்தியர் விண்மீனான கனோபஸ் ஆகிய மூன்றுக்கும் திருப்பிப் பாருங்கள். கனோபஸ் நம் தெற்கு வானத்தில் 27 பாகை உயரம் வரைதான் ஏறும் என்பதால், அடிவான எல்லையை நிரல் சரியாகக் கவனிக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். ஒவ்வோர் ஆணையும் அனுப்பிய நேரம், பிஸி வந்த நேரம், ஓகே வந்த நேரம், மவுண்டு சொன்ன ஆயம், படம் சொன்ன ஆயம் ஆகிய ஐந்தையும் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதச் செய்யுங்கள். உண்மை மவுண்டில் முதல் இரவு முடிந்ததும் அந்தக் கோப்பை எனக்கு அனுப்பினால், கடைசி இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு கிழக்கு வானத்திலும் மேற்கு வானத்திலும் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு, உங்கள் துருவ அச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல முயல்கிறேன்.